வெள்ளெழுத்தும் ஏர் பிஸ்டலும்

பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடும் போட்டிகள் பாரிஸில் நடக்கவில்லை. அங்கிருந்து தெற்கே வெகு தொலைவில் உள்ள ஷாத்தோரூ என்ற ஊரில் நடந்தன. 2024 ஜூலை 30 அன்று அங்கே 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு இரட்டையர் பிரிவின் பதக்க மேடையில் ஆறு பேர் ஏறினார்கள். தங்கம் வென்ற செர்பியாவின் சொரானா அருனோவிச்சுக்கு 37 வயது, டாமிர் மிக்கெச்சுக்கு 40. வெண்கலம் வென்ற இந்தியாவின் மனு பாக்கர், சரப்ஜோத் சிங் இருவருக்கும் 22. வெள்ளி வென்ற துருக்கி ஜோடியில் ஷெவ்வல் இலாய்தா தர்ஹானுக்கு 24. அவருடைய கூட்டாளி யூசுப் டிகெச்சுக்கு 51.

டிகெச்சின் படம் உலகைச் சுற்றியது. ஒரு கை கால்சட்டைப் பைக்குள். முகத்தில் சாதாரண மூக்குக்கண்ணாடி, காதில் சின்ன அடைப்பான், உடம்பில் டி-ஷர்ட். பக்கத்தில் தென் கொரியாவின் கிம் யேஜியின் படத்தை ஒட்டினார்கள். ஒரு கண்ணுக்கு முன்னால் குட்டி இயந்திரம்போல ஒரு லென்ஸ், மறு கண்ணுக்கு மறைப்பு. ஏதோ விண்வெளிப் படத்திலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி இருந்த அவர், இரண்டு நாள் முன்புதான் அதே அரங்கில் வெள்ளி வென்றிருந்தார். ‘கருவி எதுவும் இல்லாமல் வீட்டிலிருந்து நேராக வந்து சுட்டுவிட்டுப் போன மாமா’ என்ற தோரணையில் வந்த மீம்களுக்குக் கணக்கில்லை.

படம் உண்மை. அதன்மேல் ஏற்றிய கதை பாதிதான் உண்மை. டிகெச்சுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக். துருக்கியின் ஜாந்தார்மா என்ற துணை ராணுவப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2008 பெய்ஜிங்கிலிருந்து ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்தவர். பைக்குள் கையை விடுவது ஸ்டைல் இல்லை. சும்மா இருக்கும் கை ஆடினால் உடம்பும் ஆடும் என்பதால் பிஸ்டல் பிடிப்பவர்கள் எல்லோரும் அதை எங்காவது கட்டிப்போடுவார்கள். கிம் யேஜியின் கையும் பைக்குள்தான் இருந்தது. முக்கியமாக, இருவர் கையிலும் இருந்தது போட்டிக்கென்றே தயாரான, லட்சங்களில் விலை போகும் வகைப் பிஸ்டல். மூக்கின்மேல் இருந்ததைப் பார்த்த உலகம் கையில் இருந்ததைப் பார்க்கவில்லை.

துப்பாக்கி சுடுதலில் வயது, உடற்தகுதி, கருவி என்ற மூன்றையும் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஓரக்கண்ணால் பார்த்துச் சொல்வதாக இருக்கிறது. ‘இது வயதே பார்க்காத விளையாட்டு’ என்பார்கள். ‘நின்ற இடத்தில் நின்று விசையை அழுத்துவதற்கு உடம்பு எதற்கு’ என்பார்கள். ‘எல்லாம் துப்பாக்கியின் விலையில் இருக்கிறது’ என்றும் சிலர் சொல்வார்கள். மூன்றுமே கொஞ்சம் சரி, நிறையத் தவறு. நாற்பதிலோ ஐம்பதிலோ ஒரு ரைஃபிள் கிளப்பின் படியேறும் சாதாரண மனிதருக்கு இது முக்கியம், ஏனென்றால் பணத்தையும் முதுகையும் பணயம் வைப்பது அவர்தான்.

வயதிலிருந்து தொடங்கலாம். ஒலிம்பிக் வரலாற்றில் மிக மூத்த வயதில் பதக்கம் வென்றவர் ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான். 1847இல் பிறந்தவர். 1908 லண்டனில் முதல் தங்கம் வாங்கியபோதே அறுபது. 1912 ஸ்டாக்ஹோமில் 64 வயதில் மீண்டும் தங்கம். ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களில் அவரை மிஞ்சிய வயதுக்காரர் இன்றுவரை யாரும் இல்லை. 1920 ஆன்ட்வெர்ப்பில் 72 வயதில் வெள்ளி. அணியில் கூடவே சுட்டவர் அவருடைய மகன் ஆல்ஃபிரட். இவர்கள் வென்ற போட்டி ‘ஓடும் மான்’, அதாவது குறுக்கே விரைந்து நகரும் மான் உருவப் பலகையைச் சுடுவது. அந்தப் போட்டி இப்போது ஒலிம்பிக்கில் இல்லை.

ஸ்வானின் கதையை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். அவர் காலத்தில் போட்டியிட்ட நாடுகள் குறைவு. முழுநேரப் பயிற்சியாளர்கள், விளையாட்டு அறிவியல் கூடங்கள் என்று எதுவும் இல்லை. இன்றைய அளவுகோலுக்குச் சரியான சாட்சி ஜார்ஜியாவின் நீனோ சலுக்வாட்ஸேதான். 1988 சியோலில் சோவியத் யூனியனுக்காகப் 19 வயதில் ஒரு தங்கம், ஒரு வெள்ளி. இருபது ஆண்டு கழித்துப் பெய்ஜிங்கில் வெண்கலம். 2016 ரியோவில் மகன் சோட்னேயோடு சேர்ந்து கலந்துகொண்டார்; ஒரே ஒலிம்பிக்கில் தாயும் மகனும் களமிறங்கியது அதுவே முதல்முறை. 2024இல் 55 வயதில் பத்தாவது ஒலிம்பிக். லாட்வியாவின் அஃபனாசிய்ஸ் குஸ்மின்ஸ் 65 வயதில் லண்டன் ஒலிம்பிக்குக்கு வந்தார், அது அவருக்கு ஒன்பதாவது. நம் நாட்டிலும் பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் சுட்டவர். மாஸ்கோவுக்குப் போனபோது அவருக்கு 56.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். சலுக்வாட்ஸேயின் தங்கம் 19இல், கடைசிப் பதக்கம் 39இல். குஸ்மின்ஸின் தங்கம் 41இல், அடுத்த ஒலிம்பிக்கில் வெள்ளி, அதோடு சரி. நீடித்து ஆடுவது வேறு, உச்சியில் நிற்பது வேறு. அதே ஷாத்தோரூவில் பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தங்கத்தை வென்ற தென் கொரியாவின் பான் ஹியோஜினுக்கு 16 வயது. துப்பாக்கியைத் தொட்டு மூன்றே ஆண்டு. கடைசிக் குண்டின் முடிவில் சமநிலையில் இருந்து, கூடுதல் குண்டில் 0.1 புள்ளியில் தோற்ற சீனாவின் ஹுவாங் யுட்டிங்குக்கு 17. ஏர் ரைஃபிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆள்கிறார்கள், ஏர் பிஸ்டலில் நாற்பதைத் தாண்டியவர்களும் மேடையேறுகிறார்கள். ஒரே கூரையின்கீழ் நடக்கும் இரண்டு போட்டிகளில் இவ்வளவு வித்தியாசம் என்றால், வயது ஒவ்வொரு பிரிவிலும் வேறு வேறு கட்டணம் வசூலிக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஒலிம்பிக் உச்சியை விட்டு ஊருக்கு இறங்கலாம். உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்தில் ஜோஹ்ரி என்று ஒரு கிராமம். 1999இல் அங்கிருந்த ரைஃபிள் கிளப்புக்குத் தன் பேத்தியைச் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனார் சந்த்ரோ தோமர். அறுபதைத் தாண்டியவர், முக்காடு போட்ட விவசாயக் குடும்பத்துப் பெண்மணி. பேத்தி துப்பாக்கியைத் தொடத் தயங்கினாள். ‘இங்கே கொடு பார்க்கலாம்’ என்று பாட்டி வாங்கிச் சுட, குண்டு இலக்கின் நடுவில் பாய்ந்தது. பயிற்சியாளர் பாட்டியையும் சேர்த்துக்கொண்டார். ஊர் சிரிக்குமே என்று பகலில் வீட்டுவேலை, இரவில் யாரும் பார்க்காதபோது தண்ணீர் நிறைந்த ஜக்கைக் கை நீட்டிப் பிடித்தபடி நிற்பது. அதுதான் அவருடைய உடற்பயிற்சிக் கூடம்.

பின்னால் அவருடைய ஓரகத்தி பிரகாஷி தோமரும் சேர்ந்துகொண்டார். இருவரும் மூத்தோர் பிரிவில் பதக்கங்களைக் குவித்தார்கள். பிரகாஷியின் மகள் சீமா தோமர் 2010இல், பறக்கும் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் உலகக் கோப்பை வெள்ளி வாங்கினார். ஷாட்கன் போட்டிகளில் உலகக் கோப்பைப் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். இந்தப் பாட்டிகளின் கதை 2019இல் ‘சாண்ட் கி ஆங்க்’ என்ற இந்திப் படமானது. ‘ஆடுகளம்’ டாப்ஸி பிரகாஷியாக நடித்தார். கிழவிகளாக நடிக்க இளம் நடிகைகளைப் பிடித்தது ஏன் என்று அப்போது ஒரு சண்டை நடந்தது, நியாயமான சண்டைதான். சந்த்ரோ 2021 ஏப்ரல் 30 அன்று கொரோனாவில் 89 வயதில் காலமானார்.

அந்தத் தண்ணீர் ஜக்கில் பாடம் இருக்கிறது. ஏர் பிஸ்டல் போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு சுடவேண்டும். பிஸ்டல் சுமார் ஒரு கிலோ. விதி அனுமதிக்கும் அதிகபட்ச எடை ஒன்றரைக் கிலோ. ஒரே கையில், கையை நீட்டி, எதன்மேலும் சாயாமல். மனசுக்கு ஒப்பாத நேரத்தில் சுடாமல் கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்கவேண்டும் என்பதால், 60 குண்டுக்கு நூறு தடவைக்கு மேல் தூக்கி இறக்குவது சாதாரணம். பலம் என்று பார்த்தால் பெரிய பலம் இல்லை. ஆனால் ஐம்பதாவது தடவையும் முதல் தடவையைப் போலவே நிற்கவேண்டும் என்பதுதான் கஷ்டம். தோளும் மணிக்கட்டும் களைத்தால் கை நடுங்கும். அதற்கு முன்பே அவசரம் வந்துவிடும். கை இறங்குவதற்குள் சுட்டு முடிக்கலாம் என்று மனம் விசையை இழுத்துவிடும்.

ஏர் ரைஃபிளின் கணக்கு வேறு. துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம். தாங்குவது கைத்தசை அல்ல, எலும்பு. இடது முழங்கையை இடுப்பெலும்பின்மேல் ஊன்றி, முதுகைப் பின்னோக்கி வளைத்துப் பக்கவாட்டில் திருகி, அந்த நிலையில் உறைந்து நிற்பார்கள். கோயில் சிற்பத்தின் திரிபங்க நிலையில் ஒரு மணி நேரம் ஐந்து கிலோ அரிசிப் பையைச் சுமந்து நிற்பதைக் கற்பனை செய்துகொள்ளலாம். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். பெல்லட்டின் விட்டமே 4.5 மில்லிமீட்டர். ஏர் பிஸ்டலில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். எனவே ரைஃபிளில் உடம்பு மயிரிழை ஆடினாலும் புள்ளி போய்விடும். வயது ஏற ஏற முதலில் தளர்வது பலம் அல்ல, சமநிலை. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்று பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். பதினாறு வயதுக்காரிகள் ஏர் ரைஃபிளை ஆள்வதற்கும், இந்த விளையாட்டில் கீழ்முதுகு வலி தொழில்நோயாக இருப்பதற்கும் விடை இங்கேதான்.

50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் மண்டியிட்டும், படுத்தும், நின்றும் தலா 20 குண்டு. பாரிஸில் அதில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே அப்போது ரயில்வே டிக்கெட் பரிசோதகர், வயது 28. மண்டியிடும் நிலையில் கணுக்காலுக்கு அடியில் வைக்க ஒரு சின்ன உருளைத் திண்டு உண்டு. அப்படியும் ஐம்பதைக் கடந்த முழங்கால்கள் அந்த நிலையை மன்னிப்பதில்லை. படுத்துச் சுடுவதோ வயதுக்கு மிகவும் இரக்கமான நிலை. அறுபது, எழுபது வயதிலும் பழைய ரைஃபிள்காரர்கள் படுத்துச் சுடும் போட்டியைத் தேடிப் போவது சோம்பலால் அல்ல.

இனிக் கண். இந்த விளையாட்டில் வயது தன் முதல் தவணையை வசூலிக்கும் இடம் இதுதான், கிளப்பில் யாரும் முதல் நாளில் சொல்லித்தராத விஷயமும் இதுதான்.

பிஸ்டலில் பின்முனையில் ஒரு பள்ளம், முன்முனையில் ஒரு குறிமுள், அதற்கப்பால் 10 மீட்டரில் இலக்கு. மூன்றும் மூன்று தூரத்தில். கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூர்மையாகப் பார்க்கும். இருபது வயதுக் கண் மூன்றுக்கும் நடுவே சட்டெனத் தாவும். நாற்பதுக்கு மேல் விழிக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, பக்கத்தில் குவியும் திறன் குறைகிறது. நாம் வெள்ளெழுத்து என்கிறோம், பழைய ஆட்கள் சாளேஸ்வரம் என்பார்கள். செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துச் சமாளிக்கலாம். பிஸ்டலை ஏற்கெனவே கை நீட்டித்தான் பிடித்திருக்கிறோம். அதற்கு மேல் கை இல்லை.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு எல்லா ஊரிலும் ஒன்றே. இலக்கு தெளிவாகத் தெரியவேண்டும் என்று தூரப்பார்வைக் கண்ணாடியோடு வருவார்கள். குறிமுள் மங்கிவிடும். இலக்கு மங்கினால் பாதகமில்லை, ஏனெனில் கறுப்பு வட்டத்தின் கீழே நிறுத்தவேண்டிய இடம் மங்கலிலும் தெரியும். குறிமுள் மங்கினால் அதன் சிறு கோணல் கண்ணில் படாது. அந்தக் கோணல் 10 மீட்டருக்கு அப்பால் பல மடங்காகப் பெருகி விழும். படிக்கும் கண்ணாடியும் உதவாது, அது ஒன்றரை அடித் தூரத்துக்கு வெட்டியது. இரண்டையும் ஒன்றாக்கிய புரோகிரஸிவ் கண்ணாடியோ இன்னும் மோசம்: தலை கொஞ்சம் சாய்ந்தாலும் பவர் மாறிவிடும்.

கணக்கு எளிது. நீட்டிய கையில் குறிமுள் கண்ணிலிருந்து சுமார் 80 சென்டிமீட்டரில் இருந்தால், கண் முற்றிலும் இறுகிப்போன ஒருவருக்குத் தூரப்பார்வைப் பவரோடு கூட்டவேண்டியது 1.25 டயாப்டர். இலக்கும் அடியோடு கரைந்துபோகாமல் இருக்க அதில் பாதியளவு மட்டும் கூட்டிக்கொள்பவர்களும் உண்டு. கிம் யேஜியின் முகத்தில் இருந்த ‘இயந்திரம்’ இந்தக் கணக்கின் உலோக வடிவம்தான்: சரியான பவருள்ள ஒரு லென்ஸ், அதன் முன்னே விரித்துச் சுருக்கக்கூடிய ஒரு துளை. சின்னத் துளை வழியே பார்த்தால் கிட்டேயும் தூரத்திலும் உள்ளவை ஒருங்கே கொஞ்சம் தெளியும். கண்ணாடி இல்லாத தாத்தா விரல்களைக் குவித்து இடுக்கு வழியே பஸ் போர்டைப் படிப்பாரே, அதே சூத்திரம். ஆனால் துளை சிறுக்கும்போது வெளிச்சமும் குறையும், வயதான கண்ணுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். அளவோடுதான் இது உதவும்.

ரைஃபிளில் பின் சைட்டே ஒரு துளைதான். அதனால் ரைஃபிள்காரருக்கு வெள்ளெழுத்து வந்தது கொஞ்சம் தாமதமாகவே தெரியும். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. உள்ளே வைக்கும் லென்ஸ் எந்தத் தூரத்துக்கு என்பதை மருத்துவர் முன்கூட்டியே தீர்மானிக்கிறார். சுடும் கண் எது என்பதை அதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டால் நல்லது. டிகெச் இரண்டு கண்ணையும் திறந்து சுடுகிறவர். சாதாரணக் கண்ணாடி அவருக்குப் போதுமானதாக இருந்தது என்பதால் நமக்கும் போதும் என்று ஆகிவிடாது.

இதயத்துக்கும் இந்த விளையாட்டுக்கும் ஒரு தனி வம்பு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் நீட்டிய கையின் நுனியில் தெரியும். துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் எனவே இங்கே ஊக்கமருந்து. ஓட்டப்பந்தயக்காரருக்குப் பயனற்ற அதே மாத்திரை, துப்பாக்கிக்காரருக்குப் போட்டி நாளில் மட்டுமல்ல, பயிற்சிக் காலத்திலும் தடை. 2008 பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜோங்-சு ஒரு வெள்ளியையும் ஒரு வெண்கலத்தையும் ப்ரோப்ரனலாலுக்குப் பறிகொடுத்தார். அதற்கு வெகு முன்பே, 1968இல் ஸ்வீடனின் ஹான்ஸ்-குன்னர் லில்யென்வால், நவீன பென்டத்லானின் பிஸ்டல் சுற்றுக்கு முன் பதற்றம் தணியக் குடித்த இரண்டு பியருக்காகத் தகுதி இழந்தார். ஒலிம்பிக்கின் முதல் ஊக்கமருந்து வழக்கே அதுதான்.

பதக்கக்காரர்களுக்கு இது ஒழுங்கு நடவடிக்கை. ஐம்பத்தைந்து வயது அமெச்சூருக்கு இது மருந்துச் சீட்டு. அட்டெனலால், மெட்டோப்ரலால் எல்லாம் ரத்த அழுத்தத்துக்காக நம் வீட்டு மேசைகளில் கிடக்கும் பெயர்கள். உள்ளூர் கிளப் போட்டியில் யாரும் சோதிக்கப் போவதில்லை. ஆனால் மாநில, தேசிய அளவுக்குப் போக நினைப்பவர் மருத்துவரிடம் இதைச் சொல்லி வேறு மருந்து முடியுமா என்று கேட்கவேண்டும். மருத்துவக் காரணத்துக்கான விலக்கு இந்த விளையாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. பதக்கத்துக்காகத் தானே மாத்திரையை நிறுத்திக்கொள்வது முட்டாள்தனம். இதைச் சொல்லவேண்டியிருக்கிறது என்பதே வருத்தம்.

கருவிக்கு வருவோம். ஏர் ரைஃபிள் போட்டிக்கு முன் ஒரு மேசையைச் சுற்றி நடக்கும் சோதனையைப் பார்த்தால் தையற்கடையா, சுங்கச் சாவடியா என்று சந்தேகம் வரும். கான்வாசும் தோலும் சேர்த்துத் தைத்த ஜாக்கெட்டின் துணி 2.5 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது. எவ்வளவு விறைப்பு என்பதை ஒரு கருவி அழுத்திப் பார்த்துச் சொல்லும். கால்சட்டைக்கும் காலணிக்கும் இதே கதி. ஏன் இத்தனை கெடுபிடி? விறைத்த ஜாக்கெட் முதுகெலும்புக்கு வெளியே இன்னொரு முதுகெலும்பு. கட்டுப்பாடு இல்லாவிட்டால் வீரர்கள் கவசத்துக்குள் நின்று சுடுவார்கள். காலணியின் தட்டையான அடிப்பாகத்தால் ரைஃபிள்காரர்கள் வாத்துபோல நடப்பது தொலைக்காட்சியில் அசிங்கமாகத் தெரிகிறது என்று, களத்தில் குதிகால் முதலில் ஊன்றி இயல்பாக நடக்கவேண்டும் என்று சர்வதேசச் சம்மேளனம் விதியே போட்டது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் முதல் நேற்றுச் சேர்ந்த பள்ளி மாணவிவரை, நம் வெயிலில் இந்தக் கவசத்துக்குள் வேகும் எல்லோருக்கும் தெரியும் உடற்தகுதி எதற்கு என்று.

கருவி எவ்வளவு தூரம் ஆளைத் தூக்கும்? இரண்டு சம்பவங்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதானது. சரிசெய்து திரும்புவதற்குள் பல நிமிடங்கள் போயின. மீதிக் குண்டுகளை அவசரமாகச் சுட்டு 575 எடுத்து 12ஆம் இடம். இறுதிச் சுற்று இரண்டு புள்ளியில் நழுவியது. அப்போது அவருக்கு 19 வயது. இன்னொன்று 2004 ஏதென்ஸ். போட்டிக்குச் சில மாதம் முன்பு அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸின் ரைஃபிளை யாரோ வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டார்கள். சக வீராங்கனையிடம் இரவல் வாங்கிய ரைஃபிளால் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார். சில நாள் கழித்து மூன்று நிலைப் போட்டியில் கையில் நிச்சயமாக இருந்த இன்னொரு தங்கத்தை, கடைசிக் குண்டைப் பக்கத்து ஆளின் இலக்கில் சுட்டுத் தொலைத்தார். அந்தத் தோல்விக்குக் கருவி காரணமில்லை.

உடைந்த கருவி நல்ல வீரரைக் கவிழ்க்கும்; நல்ல கருவி சுமாரானவரைத் தூக்காது. அமெச்சூர் விஷயத்தில் இதற்கு ஒரு கூடுதல் பொருள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் போட்டித் தரத் துப்பாக்கி இங்கே லட்சத்தைத் தாண்டும். முதல் ஆறு மாதத்தில் அதற்கும் கிளப்பின் பழைய துப்பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் புதியவரின் கைநடுக்கத்தில் கரைந்துவிடும். பணம் போடத்தக்க இடங்கள் சில்லறையானவை: கைக்குப் பொருந்தச் செதுக்கிய மரப்பிடி, குறிமுள்ளுக்கு வெட்டிய கண்ணாடி, மலிவில்லாத பெல்லட். கைக்கேற்பத் தேய்த்துச் செதுக்கும் பிடி அந்தக் கைக்கே உரியது. ஹங்கேரியின் காரோய் தகாச் 1938இல் கையெறிகுண்டில் வலக்கை சிதைந்த பிறகு யாருக்கும் தெரியாமல் இடக்கையால் பழகி, 1948இலும் 1952இலும் விரைவுப் பிஸ்டல் தங்கம் வென்றவர். அவருக்குக் கைதான் மாறியது.

சட்டமும் இங்கே உதவுகிறது. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூலுக்குள் ஆற்றல் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு இந்தியாவில் ஆயுத உரிமம் தேவையில்லை. 10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகள் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. நடுத்தர வயதுக்காரர்கள் பெரும்பாலும் ஏர் பிஸ்டலில் தொடங்குவதற்கு இது ஒரு காரணம்.

டிராப் வேறு உலகம். 110 மில்லிமீட்டர் தட்டு விர்ரென்று விலகிப் பறக்கும், 12 போர் துப்பாக்கி தோளை உதைக்கும். தகுதிச் சுற்றில் 125 தட்டு, தட்டுக்கு இரண்டு தோட்டா அனுமதி. இங்கே குறிமுள்ளைக் கூர்ந்து பார்ப்பதில்லை. கண் தட்டின்மேல், கை தானாகப் போகவேண்டும். வெள்ளெழுத்து இங்கே பெரிய எதிரி அல்ல, பர்ஸ்தான் எதிரி. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் அணித் தங்கம் வென்ற மூவரில் சொராவர் சிங் சந்துவுக்கு 46 வயது. புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமானும் அந்த அணியில் இருந்தார். மறு ஆண்டு பாரிஸுக்குப் போனபோது அவருக்கு 37. கர்ணி சிங் முதல் தொண்டைமான்வரை அரச குடும்பப் பெயர்கள் இந்தப் பிரிவில் மட்டும் அடிக்கடி வருவது தற்செயல் என்று யாரும் நம்பப்போவதில்லை.

வயதானவர்களுக்காக விதியையே வளைத்த நாடுகளும் உண்டு. கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்கர்சன் நெடுந்தூர ரைஃபிள்காரர். வார் பூட்டி, வெற்றுக் கண்ணால் குறிபார்க்க உடம்பு ஒத்துழைக்காத வயதில், முன்பக்கம் தாங்கி வைத்து, தொலைநோக்கிக் குறியோடு சுடும் ஒரு பிரிவுக்கு வழி செய்தார். அவர் குடும்பப் பெயரின் முதல் எழுத்தால் ‘எஃப் கிளாஸ்’ என்று வழங்கும் அது இன்று உலகப் போட்டிகள் நடக்கும் தனி விளையாட்டு. முதியவர்களுக்கு என்று பிறந்ததில் இளைஞர்கள் குவிந்துவிட்டார்கள். அமெரிக்காவில் ராணுவ வகை ரைஃபிள் போட்டிகளில் 2016 முதல் 4.5 மடங்குவரை பெரிதாக்கும் தொலைநோக்கிக் குறியை அனுமதித்தார்கள். ‘வெற்றுக் கண்ணால் சுடுவதுதான் கலை’ என்ற பழைய கட்சி முணுமுணுத்தது.

ஜெர்மனி இதில் இன்னும் தெளிவு. அங்கே ஐம்பதைக் கடந்தவர்களுக்கென்று, துப்பாக்கியை ஒரு தாங்கியின்மேல் வைத்துச் சுடும் போட்டி தேசிய அளவில் நடக்கிறது. தாங்கி வைத்தால் சுலபம் என்று நினைப்பவர்கள் புள்ளிப் பட்டியலைப் பார்க்கவேண்டும்: பத்துப் புள்ளி எல்லோரும் எடுப்பதால் 10.4க்கும் 10.7க்கும் இடையில்தான் போட்டியே. தோளும் முதுகும் கழிந்துபோக, விசை இழுக்கும் விரலும் கண்ணும் மட்டும் மோதுகின்றன. மறுமுனையில், பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் அங்கே காற்றுத் துப்பாக்கியைத் தொடக்கூடாது; ஒளிக்கதிர்த் துப்பாக்கியில் பழகுகிறார்கள். வளரும் முதுகெலும்பு ஐந்து கிலோவைச் சுமந்து கோணக்கூடாது என்பதற்கும் அது நல்லதுதான். நம் ஊரில் ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் பெரியவர்களின் ரைஃபிளைக் கொடுத்துப் படம் எடுக்கும் பெற்றோர் இதை யோசிக்கலாம்.

தாங்கிக்கு நம்மிடமும் முன்னுதாரணம் இருக்கிறது. பாராலிம்பிக்கில் துப்பாக்கியைக் கையால் தாங்க முடியாதவர்களுக்கான பிரிவில் சுருள்வில் தாங்கியை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. அறுபத்தைந்து வயதுத் தோளுக்கு மட்டும் அது ஏன் கௌரவக் குறைவாக வேண்டும்? தமிழ்நாட்டு ரைஃபிள் கிளப்புகள் மாதம் ஒரு ஞாயிறு, ஒரு பழைய மேசை, ஒரு தாங்கி, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முப்பது குண்டு என்று தொடங்கினால் செலவு பெரிதாக ஆகாது.

அதுவரை, கிளப்புக்குப் போக நினைக்கும் வெள்ளெழுத்துக்காரர்களுக்கு ஒரு வேலை. துப்பாக்கி வாங்கவேண்டாம். கிளப்பின் பிஸ்டலை, குண்டு இல்லை என்று உறுதி செய்தபின், சுடும் நிலையில் பிடித்து நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, கண்ணிலிருந்து குறிமுள்வரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். எழுபதோ, எண்பத்தைந்தோ, வரும் சென்டிமீட்டர் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கண் மருத்துவரிடம் போங்கள்.